இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறோம்

உலகத்தில் உள்ள கம்பெனிகள் அத்தனையும் நடுங்குவது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று தீ விபத்து. இன்னொன்று அவன் எழுதும் கடிதம். இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் கையை நனைத்தபடி, அண்ணனும் அண்ணியும் கேட்க, நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போலச் சொன்னான்.

"தீ விபத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?" என்றாள் அண்ணி.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவனுக்கு ஆறு வருஷ வேலை. வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு நோட்டீஸ் என்றுதான் பெயர். வாடிக்கையாளர் கடிதங்களுக்கு, "வருந்துகிறோம்" என்று தொடங்கிப் பதில் போடுவான். நாளைக்கு நாற்பது தடவை வருந்திவிட்டு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுகிற மனிதன்.

அவன் மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. "ஐயா, தயவு கூர்ந்து" என்று தொடங்கும் கடிதங்கள் கீழ்த்தட்டுக்குப் போகும். "சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறோம்" என்று முடியும் கடிதங்கள் மேல்தட்டில் ஏறி, அன்றைக்கே மேனேஜரிடம் போய்விடும். டீ நேரத்தில் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை உருவி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகுரலில் வாசித்துக் காட்டுவான். ஆபீசே சிரிக்கும். பக்கத்து மேஜை அக்கா மட்டும், "பாவம்ப்பா, துணி துவைக்க முடியாம எழுதியிருக்காங்க" என்பாள்.

அண்ணன் லாரி ஓட்டியவர். போன வருஷம் ஒரு காலையில் அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. வாதம் என்றார் டாக்டர். விடாமல் பயிற்சி செய்தால் திரும்பி வரும் என்றார். அண்ணி விசாரித்து, இரண்டு தெரு தள்ளியிருந்த ஜிம்மில் அவரைச் சேர்த்துவிட்டாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஜிம் மாஸ்டர் ஒரு மணி நேரம் அவர் கூடவே நிற்பார். பஞ்சு உருண்டையை அமுக்குவதில் தொடங்கிய கை, இப்போது இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்கிப் பதினொன்று எண்ணும்வரை தாங்கியது. இருபது வந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த இருபதுக்காகத்தான் அண்ணன் விடிவதற்குள் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த ஜிம்மின் கண்ணாடிக் கதவில்தான் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் ஒன்றரை மடங்கு. சம்மதமில்லாதவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம்.

"மாஸ்டர் நல்லா பாத்துக்கறார்டா. கேக்கறதைக் குடுத்துட்டுப் போவோம்" என்றார் அண்ணன்.

"இப்படிக் குடுத்துக் குடுத்துத்தாண்ணா அவனுங்க ஏத்திக்கிட்டே போறானுங்க. நுகர்வோர் உரிமைன்னு ஒண்ணு இருக்கு."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். ஏழு மணிக்கு எனக்கு மாஸ்டர் இருக்கணும்."

"சேரும்போது ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. பீரோவுல இருக்கு. ஒரு தடவை பாத்துட்டு எழுதேன்" என்றாள் அண்ணி.

"நான் பாக்காத தாளா அண்ணி? எல்லா இடத்துலயும் ஒரே வசனந்தான்."

கடிதம் மூன்று பக்கம் வந்தது. அதிர்ச்சி, ஆட்சேபம், கண்டனம் மூன்றும் பக்கத்துக்கு ஒன்றாக இருந்தன. "பழைய கட்டணமே தொடர வேண்டும், இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறோம்" என்று முடித்தான். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்த பிறகு, "விலகிக்கறோம்னு இருக்கேடா?" என்றார்.

"சும்மா மிரட்டல்ணா. அந்த வரியைப் பாத்துத்தான் இறங்கி வருவாங்க."

நான்காம் நாள் பதில் வந்தது. நான்கே வரிகள். தங்கள் முடிவை அறிந்து வருந்துகிறோம். தங்கள் விருப்பப்படியே விலகலை ஏற்றுக்கொண்டோம். மீதமுள்ள ஐந்து மாதக் கட்டணத்துக்கான காசோலையை இணைத்துள்ளோம். தங்கள் உடல்நலம் சிறக்க வாழ்த்துகள். அவனே எழுதியிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக வந்திருக்காது. முதலில் அதைத்தான் மெச்சினான். பிறகுதான் இரண்டாவது வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தான்.

மறுநாள் ஆபீசில் அக்காவிடம் அதை நீட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அஞ்சு மாசப் பணம் திரும்பி வந்திருக்கே. வருஷச் சந்தாவா?"

"ஆமாக்கா. அண்ணிதான் கட்டினாங்க."

"வருஷத்துக்குக் கட்டினவங்களுக்கு நடுவுல எப்படிப்பா ஏத்த முடியும்? தாளைப் படிச்சியா இல்லையா?"

சாயங்காலம் அண்ணி பீரோவிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். ஆறாவது வரியில் இருந்தது: சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டணம் மாறாது. கதவில் ஒட்டியது மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு. உரிமை ஏழு மாதமாகப் பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும்.

ஜிம்முக்கு ஓடினான். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். "விலகறோம்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? கையெழுத்தும் இருக்கு. ஏழு மணி நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. மாஸ்டருக்கு இப்ப ஒரு மணி நேரம்கூடக் காலி இல்ல."

மூன்று வாரம் போயிற்று. வீட்டில் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பதினொன்று ஒன்பதாயிற்று. பிறகு ஆறு. எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஆனால் விடிவதற்குள் எழுந்து ஷூ மாட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணி குனிந்து நாடாவைக் கட்டிவிடுவாள். ஏழு மணிவரை கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு அண்ணியே அவிழ்த்துவிடுவாள்.

"உன் மேல தப்பு இல்லடா. கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார் ஒருநாள்.

திட்டியிருந்தால் அன்றைக்கும் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் டீ நேரத்தில் ஆபீஸ் அவனைச் சுற்றிக் கூடியது. "என்ன நோட்டீஸ், இன்னிக்கு அழுகை கிடையாதா?" என்றார்கள். தலைவலி என்றான். எல்லோரும் கலைந்த பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கையாலேயே எழுதினான். அரைப் பக்கம்கூட வரவில்லை. ஒரு தடவை அடித்தான். அடித்தல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று புதுத்தாளில் மறுபடி எழுதினான்.

காலை ஆறே முக்காலுக்கு ஜிம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். காசோலையையும் கடிதத்தையும் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டினான். அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டே வாங்கினாள். "ஐயா, தயவு கூர்ந்து" என்ற முதல் வரியில் அவள் கண் ஒரு நொடி நின்றது. அவள் மேஜையிலும் இரண்டு தட்டுகள் இருந்தன. மேற்கொண்டு படிக்காமலேயே கீழ்த்தட்டில் போட்டாள்.

"பாத்துட்டுச் சொல்லுவாங்க சார்."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.