நான்காம் இடத்தில் லெசூர்

காலை எட்டே கால். கஃபேயில் நின்றபடியே கைபேசியைத் திறந்த பேராசிரியர் திபோ லெசூர், காப்பியைக் குடிக்க மறந்தார்.

நான்கு.

நேற்று வரை நூற்று எண்பத்தெட்டு. பிரெஞ்சு அரசியல் ஆய்வாளர்களை, இணையத்தில் எத்தனை பேர் தேடிப் படிக்கிறார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தும் தளம் அது. அறுபத்தொரு வயதில், அரபு உலகைப் பற்றி ஏழு புத்தகங்கள் எழுதிய பிறகு, முதல்முறையாக ஒற்றை இலக்கம்.

"என்ன புரொபசர், ஜெயிச்சிட்டீங்களா?" என்றார் கடைக்காரர் கஸ்தோன். "குதிரை மேல பணம் கட்டுறவன்கூட இப்படி முறைச்சுப் பாக்கமாட்டான்."

"நாலாவது."

"அப்ப இன்னும் மூணு குதிரை முன்னாடி ஓடுது."

லெசூர் சிரித்தார். அதற்குள் வானொலியிலிருந்து அழைப்பு. மதியம் ஒரு மணி நேரலைக்கு வரமுடியுமா? பதினோரு வருடமாகக் கூப்பிடாதவர்கள். உடனே சரி என்றார்.

ஆய்வு மையத்தில் மாயெல் காத்திருந்தாள். அவருடைய புத்தகங்களுக்குத் தகவல் திரட்டுபவள். முகம் வெளுத்திருந்தது.

"உங்களைத் தேடுற கூட்டம் எந்த மொழிப் பக்கத்துலன்னு பாத்தீங்களா?"

"இல்லையே."

"அரபு. நீங்க கடைசியா எழுதின நாட்டோட அரசு டிவியில அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியிருக்காங்க. அந்நிய உளவாளி எழுதினதாம். உங்களுக்குப் பேட்டி குடுத்த டாக்டரைப் பிடிச்சிட்டாங்க."

"நான்தான் அவர் பேரை மாத்திட்டேனே."

"முன்னூறு பக்கத்துல மாத்தினீங்க. நன்றி சொன்ன பக்கத்துல?"

லெசூர் உட்கார்ந்துவிட்டார். மூத்த மகனின் பெயரைச் சொல்லி, 'அபூ' இன்னார், அதாவது இன்னாரின் தகப்பனே என்று அழைப்பதுதான் அங்கே மரியாதை. அந்த நயம் தனக்கு அத்துப்படி என்று காட்டும் ஆசையில், 'அபூ கைலானுக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். கைலான் என்ற மகனுள்ள மருத்துவர் அவர் வாழ்ந்த சிற்றூரில் ஒரே ஒருவர்.

"அவர் மனைவி போன் பண்ணாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் மூலமா அதிகாரிங்ககிட்ட பேசிட்டிருக்காங்களாம். 'ரெண்டு நாள் உங்க புரொபசரை வாயைத் திறக்காம இருக்கச் சொல்லுங்க, பேச்சு அடங்கினா விட்டுடுவாங்க'ன்னு கெஞ்சுறாங்க."

"சத்தம் போட்டாத்தான் அவனுங்க பயப்படுவானுங்க, மாயெல். உலகமே பாக்குதுன்னு தெரியணும்."

"இது டாக்டருக்காகவா, மூணாவது இடத்துக்காகவா?"

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார்.

மதியம் வானொலியில் இருபது நிமிடங்கள் பேசினார். பிரமாதமாகவே பேசினார். மருத்துவரின் துணிச்சலை, இருபது வருட நட்பை, தனக்கு அவர் ரகசியமாகத் திறந்துவிட்ட கதவுகளைப் பற்றியெல்லாம். நிகழ்ச்சி நடத்தியவர் கண்கலங்கினார்.

மாலை நாலரைக்கு மாயெல் அவருடைய அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"காலையில டாக்டர் மனைவி குடுத்த சாப்பாட்டைச் சிறை வாசல்ல வாங்கிக்கிட்டாங்களாம். இப்ப, உங்க பேட்டிக்கப்புறம், அந்தம்மா மாத்துத்துணி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"வாங்கலையா?"

"அப்படி ஒருத்தர் இங்க இல்லவே இல்லைன்னுட்டாங்க."

யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டார் லெசூர். அவளுக்கும் தெரியவில்லை.