நூற்றாறரை மீட்டர்

ஆறு மணிக்கு எழுகிறேன். சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்க்கிறேன். இன்று மைனஸ் பதினொன்று. காபி போடுகிறேன். இரண்டு ரொட்டித் துண்டுகள், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி. வாசலிலிருந்து தபால் பெட்டி வரை பனியை அள்ளி ஒதுக்குகிறேன். பிறகு நகராட்சியின் குடிநீர் அலுவலகம். என் மனைவி சுன்னிவா இறந்து பதினான்கு வாரங்கள் ஆகின்றன. இந்த வரிசை மாறவில்லை.

பனி அள்ளிக்கொண்டிருந்தபோது ஹால்வர் வந்தார். காலில் நீண்ட சறுக்குப் பலகைகளோடு குன்றிலிருந்து பாய்ந்து பனியில் இறங்கும் ஸ்கி தாவலுக்கான எங்கள் ஊர்க் கழகத்தின் தலைவர்.

"மண்வாரிய இப்படியா பிடிப்பாங்க? தண்ணி ஆபீஸ்காரன்னு நல்லாத் தெரியுது."

"நீங்க வேணா அள்ளுங்க."

"முதுகு வலிப்பா. காபி குடிச்சா சரியாயிடும்."

சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்தார். குவெர்ன்பக்கன் தாவல் குன்றின் அடியில் புதிய சாதனைப் பலகை வைக்கப் போகிறார்கள். பெண்கள் வரிசையில் சுன்னிவாவின் பெயர், நூற்றாறரை மீட்டர். அந்தத் தாவலைச் சாதனையாக ஏற்க, அன்று தூரம் அளந்தவனின் கையெழுத்து வேண்டும். சரிவில் நூற்றாறாவது மீட்டர் அருகே நின்றவன் நான்.

சுன்னிவா ஒன்பது வயதில் அந்தக் குன்றில் தாவத் தொடங்கினாள். அப்போது பெண்களுக்குப் போட்டி கிடையாது. பையன்கள் தாவுமுன் தடத்தைச் சோதித்துப் பார்க்கும் முன்தாவலுக்கு மட்டும் அவளை விட்டார்கள். முன்தாவலின் தூரத்தை யாரும் எழுதுவதில்லை. பதினாறு வயதில் அன்றைய வெற்றியாளனைவிட நான்கு மீட்டர் அதிகம் தாவினாள். அறிவிப்பாளர் காற்றின் வேகத்தை மட்டும் வாசித்தார். பிறகு பெண்களுக்கும் போட்டி வந்தது. முழங்காலில் தசைநார் இரண்டு முறை கிழிந்தது. உலகக் கோப்பையை இரண்டு முறை வென்றாள். உலகச் சாம்பியன் ஆனாள். நாட்டின் சாம்பியனுக்குத் தரும் மன்னர் கோப்பை மட்டும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அது கிடைத்திருக்க வேண்டிய நாளில்தான் அந்த நூற்றாறரை. சொந்த ஊர், பார்க்க நாலாயிரம் பேர். இறங்கும்போது அவளுடைய வலது கை பனியைத் தொட்டது. நொடிகூட இல்லை. கை பட்டால் விழுந்ததாகக் கணக்கு. புள்ளிகள் போகும், தூரமும் சாதனையில் சேராது. நடுவர்களின் கண்ணில் வெயில். ஐந்து பேரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து நின்றேன். அவள் சறுக்குப் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடுவர் கோபுரத்தில் ஏறி, கை பட்டதைச் சொன்னாள். இறங்கி வந்தபோது இரண்டாம் இடம்.

அதற்குமுன் நாங்கள் பேசியதில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன, கம்பம் மாதிரி நின்னுட்டிருந்த?"

அடுத்த கோடையில் கல்யாணம் செய்துகொண்டோம்.

"அவளுக்கு நாம பட்ட கடன்டா இது," என்றார் ஹால்வர். "ஒம்பது வயசுலேருந்து அவ தாவுனத எழுதாம விட்டோம். இத ஒண்ணாவது எழுதுவோமே."

"அவ பேர் இல்லன்னா யார் பேர் வரும்?"

அவர் காபிக் கோப்பையைத் திருப்பினார். "நம்ம கழகத்துப் பொண்ணு இல்வா. அக்டோபர்ல நூத்தஞ்சு தாவுனாளே."

"அப்போ இல்வா பேரப் போடுங்க."

"உன் பொண்டாட்டிடா அவ. இப்ப யார் வந்து கேக்கப் போறாங்க?"

"கை பட்டுச்சு, ஹால்வர்."

தாளை மடித்து உறைக்குள் வைத்தார். அவருக்குக் கோபம் இருந்தது. காபியைக் குடித்து முடித்தார். பலகையின் கீழே பொறிக்க அவளுடைய கடைசி வார்த்தையாவது கொடு என்றார். உள்ளூர்ப் பத்திரிகை ஏற்கெனவே ஒன்றைப் போட்டிருந்தது, வானத்தைப் பற்றி. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அக்டோபர் ஞாயிறு, ட்ரொண்ட்ஹெய்மில் மருத்துவமனை. அவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. ஹால்வர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: பனி வருமுன் பிளாஸ்டிக் விரிப்பில் நடந்த போட்டியில் இல்வா நூற்றைந்து மீட்டர். அதைச் சத்தமாகப் படித்தேன். சுன்னிவா கண் திறக்கவில்லை. கை படாத வேறொரு தாவலில் அவள் வைத்திருந்த சாதனை போனதற்கு வருந்துகிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்:

"விழாம நின்னாளா?"