அவன் கையில் இருந்த கத்தி

வெள்ளரிக்காய் அவர் கையிலிருந்து வழுக்கி, சமையலறை வாசல்வரை உருண்டு போனது. தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் அதை எடுக்கப் போகாமல், கத்தியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா குணமாலா, ஓடுது. பயந்துக்கினு ஓடல. சிரிச்சிக்கினு ஓடுது."

"நீங்க நகருங்க. பொழுது எறங்குது" என்றேன். அரிவாள்மணையில் என் பங்குப் புடலங்காய் முடிந்திருந்தது.

"இரு, இரு. வர்ற கருட சேவைக்கு அந்தக் கத்திக்கார முனிரத்தினத்த வுடப் போறதில்ல. ஊருக்கு வெட்டிக் காட்டற கத்தி வேற, நமக்கு மடிச்சுக் குடுக்கற கத்தி வேற. நேராப் போய் நிப்பேன். 'உன் கையில இருக்குதே, அதக் குடு'ன்னு கேப்பேன். வேற ஒண்ணும் பேச மாட்டேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"கேக்கலாம்னுதான் போனேன். அவன் எங்க பேச வுட்டான்?"

வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தோம். மறுநாள் காலையில் கால் கழுவக் கிணற்றடிக்குப் போன என் கணவர் நேமிநாதன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் இத்தனை நேரம் என்று நான் போய்த் தோளைத் தொட்டபோது உயிர் இல்லை. அறுபத்தாறாம் வருஷம், ஆனி மாதம்.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள்; ஊரார் எங்கள் ஆண்களை நைனார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. கோடையில் அது ஒரு சிரமமே இல்லை. மார்கழி, தை மாதங்களில் அவர் நிலத்திலிருந்து திரும்பும்போதே வெயில் முற்றத்தை விட்டு ஓட்டின்மேல் ஏறியிருக்கும். அதற்குள் நறுக்கி, வேகவைத்து, சாப்பிட்டும் ஆகவேண்டும். மகள் திரிசலா கல்யாணமாகி வந்தவாசிப் பக்கம் போனபிறகு வீட்டில் கைகள் குறைந்துவிட்டன. "நானும் நறுக்கறேன்" என்று அவர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் இருந்தது ஒரே அரிவாள்மணை. அதன்மேல் நான் இருந்தேன். அதனால்தான் கத்தி.

காஞ்சிபுரத்துக் கருட சேவைக்கு அவர் சாமி பார்க்கப் போகமாட்டார், கடை பார்க்கப் போவார். கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம் சாக்கு விரித்துக் கத்தி விற்பவன் முனிரத்தினம். முதலில் வாங்கி வந்தது இரும்புக் கத்தி. அது பட்ட காயெல்லாம் கறுத்துப் போனது. அடுத்த வருஷம் எவர்சில்வர். பூசணிக்காயில் இறங்கிய வேகத்தில் வளைந்து, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அதை இழுத்து எடுக்க நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வருஷமும் சண்டை போடப் போவார். வேறொரு கத்தியை மாற்றிக்கொண்டு வருவார். கடைசியாக வந்த கத்தியின் பிடி ஆடியது. பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த தறிக்காரர் வீட்டிலிருந்து கழிவுப் பட்டுநூல் கொஞ்சம் வாங்கி வந்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிடியில் சுற்றினார். அரக்குச் சிவப்பு. பிடி நின்றது. வெட்டு மட்டும் வரவில்லை.

அவர் போனபிறகு நிலத்தை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். மாட்டைத் திரிசலா ஓட்டிப் போனாள். அவர் செருப்பு, குடை எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்தது. எனக்கு ஒருத்திக்கு நறுக்க எவ்வளவு இருக்கும்? அரிவாள்மணையில் உட்கார்ந்த சுருக்கில் எழுந்துவிடுவேன். சாப்பிட்டுக் கையைக் கழுவிய பிறகும் முற்றத்தில் வெயில் நின்றுகொண்டிருக்கும். முன்பு போதாமல் இருந்த பொழுது இப்போது செலவாகவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவரை யாரும் திட்டவில்லை. அவர் தப்பாகச் செய்த ஒன்றையும் யாருக்கும் நினைவில்லை.

வைகாசி வந்தது. அவர் பாதியில் விட்டுப்போன வேலைகளில் என்னால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பட்டு சுற்றிய கத்தியை ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவருடைய தம்பி மனைவி மதனவதியைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"வருஷம் திரும்பல, அதுக்குள்ள திருவிழாவா? தெரு கேக்கும் அக்கா."

"கேட்டா கத்தியக் காட்டறேன்."

"இத வெச்சிக்கினு யார பயமுறுத்தறது? வெண்ணைய வெட்டாது இது" என்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வந்தாள்.

வேகவதி ஆற்று மணலைக் கடந்து, பிள்ளையார்பாளையம் வழியாக நடந்தோம். அன்று தறிச் சத்தம் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கருட வாகனம் போய்விட்டிருந்தது. கூட்டம் கடைகளுக்குத் திரும்பியிருந்தது.

முனிரத்தினத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்தேன். என் கணவர் பலமுறை அந்தக் குரலில் எனக்குப் பேசிக் காட்டியிருந்தார்.

"எவர்சில்வர்மா எவர்சில்வரு! துரு ஏறாது, மொன ஒடையாது, மாமியா கண்ணு பட்டாலும் மழுங்காது!"

ஒல்லியான மனிதன். வலது கையில் ஒரு கத்தி. கறுப்புப் பிடி, அவன் உள்ளங்கை எண்ணெயில் மினுமினுத்தது. இடது கையில் வெள்ளரிக்காய். அது அவன் விரல்களிலிருந்து காகிதம்போல உதிர்ந்துகொண்டிருந்தது. நான் துணியைப் பிரித்துக் கத்தியைச் சாக்கின்மேல் வைத்தேன். உதிர்வது நின்றது.

"அட! பட்டு கட்ன கத்தி! இது நைனார் கத்தியாச்சே. போன வருஷம் நான் குடுத்த சரக்கு. கத்திக்குப் பொடவ கட்டி வுட்டாரா!" என்று சுற்றி நின்றவர்களுக்கும் சேர்த்துச் சிரித்தான்.

"எப்படித் தெரியும், அவருதுன்னு?" என்றேன்.

"அந்தக் குன்றத்து ஆளுங்கள்ல, வாங்கன கத்திய எடுத்துக்கினு வருஷா வருஷம் திரும்பி வர்றவரு அவரு ஒர்த்தருதான். அவரு வரலியா?" கேட்டுக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் வெறும் நெற்றியைப் பார்த்தான். சட்டென்று குரல் மரியாதைக்கு இறங்கியது. "நீங்க நைனாருக்கு அக்காவாம்மா?"

மதனவதி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"ஆமா" என்றேன்.

"அதான் பாத்தேன். மொகம் அப்டியே இருக்குது." இதை ரொம்ப நிச்சயமாகச் சொன்னான். "தம்பி ஏன் வரல? தோத்துட்டோம்னு பயந்துக்கினாரா?"

"வெயில்."

"நைனாருக்கு வெயிலா! போன வருஷம் இதே எடத்துல, மண்ட காயற வெயில்ல நின்னுக்கினு என் யாவாரத்தையே கெடுத்தாருமா. பொல்லாத மனுசன். திட்டறாரு, நடுவுல மோர் வாங்கி எனக்கும் குடுக்கறாரு, குடிச்சி முடிச்சதும் மறுபடி திட்டறாரு."

ஒரு வருஷமாக அவரை யாரும் பொல்லாதவர் என்று சொன்னதில்லை. நான் அங்கேயே நின்றேன்.

"ஏன் நைனாரே, வூட்டுக்காரம்மாதான் அருவாமணைல அறுக்கறாங்களே, உனக்கின்னாத்துக்குக் கத்தின்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'காய் வெட்டுப்படலன்னா எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வெட்டலன்னா அவ என்ன நகரச் சொல்லிடறா'ன்னாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தான். "அந்தம்மா கிட்ட சொல்லுங்கக்கா. பாவம், ஒரு ஓரமா குந்திக்கினு இருந்துட்டுப் போறாரு."

"சொல்றேன்" என்றேன்.

வந்த வேலை நினைவுக்கு வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகளை அப்படியே சொன்னேன். "உன் கையில இருக்குதே, அதக் குடு."

அவன் தன் கையைப் பார்த்தான். "இதுவா? இது என் தொழில் கத்திமா. பன்னண்டு ஊர் திருவிழா பாத்தது."

"அதுதான் வேணும். அவர் கேக்கச் சொன்னார்."

"கேக்கச் சொன்னாரா!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். "நேர்ல கேக்க வாய் வரல, அக்காவ அனுப்பிட்டாரு. சரி, நைனாருக்கு இல்லாததா. ஆனா இந்தப் பொடவக்காரிய எனக்குக் குடுத்துடணும். தொழிலுக்கு எனக்கொண்ணு வாணுமில்ல?"

அதை நான் யோசித்து வரவில்லை. சாக்கின்மேல் கிடந்த பிடியில் நூல் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றியிருந்தது. முடிச்சு வெளியே தெரியாதபடி அதை உள்ளே சொருகியிருந்தார். நூலை மட்டும் அவிழ்த்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். கேட்டால், எதற்கு என்பான். தம்பி நாளைக்கே வேறு நூல் சுற்றிக்கொள்ளமாட்டாரா என்பான்.

"வெச்சிக்கோ" என்றேன்.

அவன் தன் கத்தியை லுங்கியில் துடைத்து என் கையில் கொடுத்தான். தாளில் மடிக்க வந்தவனை வேண்டாமென்று சொல்லி, நானே என் துணியில் சுருட்டிக்கொண்டேன். "அடுத்த வருஷம் அவரையே வரச் சொல்லுங்கக்கா. நீங்க வந்தா சண்டையே இல்ல, யாவாரம் டல்லடிக்குது."

நாலு கடை தாண்டியதும் பின்னால் அவன் குரல் மறுபடி எழுந்தது. மதனவதி திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா! அங்க பாருங்க."

பார்த்தேன். அவன் விரல்களுக்கு நடுவில் அரக்குச் சிவப்பு தெரிந்தது. வெள்ளரிக்காய் காகிதம்போல உதிர்ந்துகொண்டிருந்தது.

"அது நம்ம கத்திதானே? வெட்டுதே!"

"வெட்டுது."

ஆற்று மணலுக்கு வந்தபிறகுதான் அவள் மறுபடி வாயைத் திறந்தாள். "அஷ்டமிக்கு அஷ்டமி நோன்பு இருக்கறவங்க நீங்க. கூசாம அக்கான்னுட்டீங்களே."

"அவன் ஒருத்தன் கணக்குலதான் அவர் வெயிலுக்குப் பயந்து வீட்ல இருக்கார். இருந்துட்டுப் போகட்டும்."

அவள் என் கையிலிருந்த துணிச்சுருளை வாங்கித் தான் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் வெயில் பாதிதான் போயிருந்தது. அரிவாள்மணையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். வழியில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கழுவி, அவன் பிடித்தமாதிரியே இடது கையில் பிடித்தேன். அவன் கையில் இருந்த அதே கத்தி, அதே கறுப்புப் பிடி. மாற்றிக் கொடுக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கவில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் அவர் கேட்க நினைத்தது இதைத்தான்.

மெதுவாக வைத்து இழுத்தேன். பிறகு அழுத்தினேன். கத்தி தோலின்மேல் ஓடியது. காய் என் பிடியிலிருந்து நழுவி, தரையில் விழுந்து, சமையலறை வாசல்வரை உருண்டு போய் நின்றது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை.