மண்டியிட்ட ராஜா

ஹவாயில் ராஜாங்கம் போய் அமெரிக்கக் கொடி ஏறிப் பல வருடங்கள் ஆன பிறகும், அரியணைக்கு உரிய ரத்தம் தன்னுடையதுதான் என்பதில் ஹொனலுலுவின் லானிகேயாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரே குறை, இதுவரை ஒருவரும் அவர் முன் மண்டியிட்டதில்லை. சாவதற்குள் ஒருவராவது மண்டியிட வேண்டும் என்று மனத்துக்குள் கிடந்தது.

பூ ஊர்வலத்தில் ராஜா வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். வெள்ளைக்காரக் காரியதரிசி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ராஜான்னா வாட்டசாட்டமா இருக்கணும், மிஸ்டர். நீங்க வேணா இறகுக் கோல் பிடிங்களேன்."

அது பரிவாரத்தின் வேலை. பிடித்தால் ஊரறியத் தன்னைத் தாழ்த்திக்கொண்டதாகும். திரும்பிவிட்டார். வேஷம் போலீஸ்காரன் மோகுவுக்குப் போயிற்று.

"அவன் தாத்தா உங்க தாத்தாவுக்கு எச்சில் கலயம் ஏந்தினவரு," என்று சிரித்தாள் மனைவி மெலேயானா. "போய் வேடிக்கையாவது பாருங்க. வீட்டுல இருந்தா சேப்பங்கிழங்குக் கூழைத்தான் முறைச்சுக்கிட்டு இருப்பீங்க."

ஊர்வலம் வந்தது. மஞ்சள் இறகு மேலாடையோடு குதிரைமேல் மோகு. கூட்டத்தில் லானிகேயாவைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. தலைவன் தரையில் நிற்க, அவனுக்கு மேலே உயர்ந்து உட்காரலாமா? குதிரையிலிருந்து சரிந்திறங்கி, புழுதியில் மண்டியிட்டான்.

லானிகேயாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதற்காகத்தான் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார். இதற்கு அடுத்து என்ன என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. பின்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் முட்டிமோதி நின்றார்கள்.

"ராசா," என்று கிசுகிசுத்தான் மோகு. "நீங்க சொல்லாம நான் எழுந்திரிக்க முடியாது. முட்டி போகுது."

"எ... எழுந்திருப்பா."

கப்பலில் வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். காரியதரிசி ஓடிவந்தார்.

"பிரமாதம்! அடுத்த வருஷமும் இதே இடம், இதே மாதிரி. நீங்க கட்டாயம் வரணும், மிஸ்டர்!"

"போவீங்களா?" என்று வீட்டில் கேட்டாள் மெலேயானா. "இன்னிக்கு மனசார விழுந்தான். இனிமே சொல்லிவெச்சு விழுவான்."

லானிகேயா யோசித்துப் பார்த்தார். போகாவிட்டால் இனி எவனும் விழமாட்டான்.

போனார். மறு வருடம் மோகு முன்னைவிட அழகாக மண்டியிட்டான். இவரும் தடுமாறாமல் "எழுந்திரு" என்றார். பிறகு அந்தத் தொண்டை அடைப்புக்காகச் சற்றுக் காத்துப் பார்த்தார். வரவில்லை. பேண்டு கிளம்பிவிட்டது.