மார்லீனுக்கு அடித்த ஹார்ன்

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை எங்கள் ஊரில் ஊர்ஜனங்களே கூடித்தான் முடிவு செய்வோம். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், பள்ளியின் ஜிம் ஹால், மரப் பெஞ்சு, ஒவ்வொரு செலவு இனமாக வாசித்துக் கை தூக்குவது, முடிந்ததும் பீன்ஸ் சாப்பாடு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சின்ன ஊர்களெல்லாம் இப்படித்தான்.

கொரோனா வந்த வருஷம் ஹாலும் கிடையாது, பீன்ஸும் கிடையாது. பேஸ்பால் மைதானத்தில் காரோடு வந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தை நடத்துகிற விட்காம் மேடையில் நின்று பேசுவார், நாங்கள் கார் ரேடியோவில் கேட்க வேண்டும். ஓட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை. பேச வேண்டுமென்றால் ஹெட்லைட்டைச் சிமிட்டினால் போதும், படகு இழுக்கும் நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். கைதட்டலுக்குப் பதில் ஹார்ன்.

எங்கள் காருக்கு நேர் முன்னால் மார்லீனின் கார் நின்றது. இத்தனை இடம் இருக்கும்போது அங்கேதானா வந்து நிற்க வேண்டும்?

மார்லீன் பள்ளியில் சமையல் செய்கிறவள். நான் அதே பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். இருபது வருஷமாக எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. மார்ச்சில் பள்ளியை மூடினார்கள், அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல். மதியச் சாப்பாட்டைக் காகிதப் பையில் போட்டு, பள்ளி பஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்க் கொடுக்க ஆரம்பித்தாள் மார்லீன். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்தப் பை ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம் இருந்தது. அதை வைத்தது நான். டிராக்டர் படம் இல்லாவிட்டால் புத்தகத்தைத் தொடவே மாட்டான் பெல்கி வீட்டுப் பையன், அவனுக்கு டிராக்டர். பேய்க்கதை படித்துவிட்டு ராத்திரி அழுகிற பெண்ணுக்குப் பேய் இல்லாத கதை. தினமும் காலையில் பூட்டிய நூலகத்தில் தனியாக உட்கார்ந்து பொறுக்கி எடுப்பேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொடுக்கிறவள் மார்லீன். அதனால் நன்றியும் அவளுக்கே. "புத்தகம்கூட வெச்சு அனுப்புறாளே, என்ன மனசு அவளுக்கு" என்று அஞ்சல் அலுவலகத்தில் என்னிடமே ஒருத்தி சொன்னாள். பேப்பரில் அவள் படம் வந்தது, கையில் பை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு என் புத்தகத்தின் மூலை. சர்ச் வாசல் பலகையில் 'நன்றி மார்லீன்'. டக்கெட் பண்ணையில் பிறந்த கன்றுக்குட்டிக்கு மார்லீன் என்று பெயர் வைத்தார்கள். என் பெயரை ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட யாரும் வைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கூட்டம். மாநிலத்திலிருந்து வரும் பணம் குறையப் போகிறது, எதையாவது வெட்டியே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக் குழு என் வேலையை அப்படியே விட்டிருந்தது. மார்லீனுக்குப் புதிதாக ஓர் இனம் சேர்த்திருந்தது: கோடை விடுமுறையிலும் வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு.

நூலக இனத்தை விட்காம் வாசித்து முடித்தார். இடதுபக்கம் ஒரு பிக்கப் வண்டி லைட்டைச் சிமிட்டியது. டுவைட் பின்க்ஹாம், விறகு வியாபாரம் செய்கிறவன்.

"நூலகம் மூடிக் கெடக்கு. எப்ப தொறப்பாங்கன்னு அந்த வைரஸுக்குத்தான் தெரியும். மூடுன ரூமுக்கு எதுக்கு ஆளு, எதுக்குச் சம்பளம்? அந்த இனத்தையே எடுத்துடலாம்னு முன்மொழியறேன்."

 யாரும் வழிமொழியாவிட்டால் அது அங்கேயே செத்துப்போகும், அதுதான் விதி. மைதானத்தில் சத்தமே இல்லை. அப்போது என் பக்கத்தில் சாண்ட்விச் மென்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஆர்மண்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"வழிமொழியறேன்."

முப்பது வருஷப் பழக்கம். எந்தக் கூட்டத்திலும், எந்தத் தீர்மானத்துக்கும், காதில் வாங்காமலே வழிமொழிகிறவர் அவர்தான். சீக்கிரம் முடிந்தால்தானே பீன்ஸ் ஆறாமல் கிடைக்கும்.

"குரலே சொல்லுது. நன்றி ஆர்மண்ட்" என்றது ரேடியோ.

"மனுஷா, நீ எதுக்கு வழிமொழிஞ்சேன்னு தெரியுமா?"

"யாராவது செய்யணுமேன்னு."

"என் வேலையைத் தூக்கச் சொல்றான் அவன்."

மெல்லுவதை நிறுத்தினார். "திரும்ப வாங்கிக்க முடியாதா?"

"லைட்டைப் போடு. நான் பேசணும்."

பதற்றத்தில் லைட்டுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டார். மழையே இல்லாத கண்ணாடியை அது கிரீச் கிரீச்சென்று துடைத்தது. அதற்குள் முன்னால் நின்ற காரின் லைட் சிமிட்டிவிட்டது. கம்பு மார்லீனிடம் போனது. முடிந்தது கதை, என் பணத்தையும் அவள் சமையலறைக்கே கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் மார்லீன். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். பையைக் கையில குடுத்தா எந்தப் புள்ளையும் சாண்ட்விச்ச தேடறதில்ல. என் புத்தகம் எதுன்னுதான் கேக்குது. அதை வெக்கிறது நான் இல்லைங்க, நம்ம நூலகத்து ஒடெட்தான். எத்தனை வாட்டி சொன்னாலும் பஸ் சத்தத்துல யார் காதுலயும் விழல. டுவைட், உன் பொண்ணுக்குக் குதிரைப் புத்தகமா வருதே, அது என்ன தானா வருதா? அடுத்த பாகம் எப்பன்னு பஸ் பின்னாடியே ஓடி வர்றா. அவகிட்ட நீயே போய்ச் சொல்லு, இனிமே கிடையாதுன்னு."

டுவைட்டின் தீர்மானத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அட்டை நீண்டது. தோற்றுப்போனது. பிறகு அடித்தார்களே ஹார்ன். கார், பிக்கப், கடைசி வரிசையில் நின்ற மரம் ஏற்றும் லாரி எல்லாம் சேர்ந்து மார்லீனுக்காக அலறின. ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

என் வேலை தப்பியது. குளிர்ந்திருக்க வேண்டாமா மனசு? இன்னும் எரிந்தது. என் பெயரை ஊருக்குச் சொல்வதற்கும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது. என் பிழைப்பை எனக்கே பிச்சை போட்டுவிட்டு, அதற்கும் ஹார்னை அவளே வாங்கிக்கொண்டாள்.

"தங்கமான பொம்பள" என்றார் ஆர்மண்ட்.

"ஆமா, கன்னுக்குட்டிக்கே பேர் வெச்சிருக்காங்களே."

"உன்னைக் காப்பாத்துனா, அதுக்கும் கோவமா?"

"நீ பேசாத. வழிமொழிஞ்ச ஆளு நீ."

அடுத்த இனம் கோடைச் சாப்பாடு. விட்காம் வாசிக்க வாசிக்க, முன்கார் கண்ணாடியில் மார்லீனின் கண் தெரிந்தது. என்னைத்தான் பார்த்தாள். அட்டை என் மடியில் கிடந்தது. தூக்காவிட்டால் நன்றி கெட்டவள் என்று ஆகும். தூக்கினால் இருநூறு மஞ்சள் அட்டையில் அதுவும் ஒன்று. மைக்கில் பேசியவளுக்கு அட்டையால் பதில் சொல்லிவிட்டு, காலம் பூராவும் அவளுக்குக் கீழேயே நிற்கவா?

"லைட்டைப் போடு."

"இப்ப எதுக்கு?"

"போடுன்னா போடு. வைப்பர் இல்ல, லைட்டு."

கம்பு என் ஜன்னலுக்கு வந்தது. மைக் முன்னால் என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"நான் ஒடெட். வாரத்துல ரெண்டு நாள் சாப்பாடு போட்டா மத்த நாள்ல புள்ளைங்க வயிறு லீவு எடுத்துக்குமா? பாதி வீட்டுல வேலை போயிடுச்சு, நமக்கெல்லாம் தெரியும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் போடணும். அதுக்கு ஆகுற பணத்தையும் சேத்து முன்மொழியறேன். வரி கொஞ்சம் ஏறும், ஏறட்டும்."

இதற்கும் வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். ஆர்மண்ட் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கையே பார்த்தார். பயம்.

"வழிமொழியறேன்" என்று ஒரு குரல் கேட்டது. டுவைட் பின்க்ஹாம். வீட்டுக்குப் போய் மகள் முகத்தில் விழிக்க வேண்டுமே அவனும்.

அட்டைகள் ஜன்னல்தோறும் நீண்டன. எண்ணிப் பார்க்கக்கூட அவசியமில்லை, நிறைவேறியது. ஹார்ன் அடித்தார்கள். மார்லீன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள், கண்ணைத் துடைத்த கை. நானும் ஆட்டினேன். அவளைவிடக் கொஞ்சம் அதிக நேரமே ஆட்டினேன்.

கூட்டம் முடிந்து கார்கள் வரிசையாக நகர ஆரம்பித்தபோது ஆர்மண்டிடம் கேட்டேன்.

"நிஜத்தைச் சொல்லு. யாருக்கு ஜாஸ்தி அடிச்சாங்க? அவளுக்கா, எனக்கா?"

"உனக்குத்தான்."

"சும்மா சொல்லாத. அவளுக்கு லாரி அடிச்சுது."

"லாரி உனக்கும் அடிச்சுது."

"அவ்வளவு நேரம் அடிக்கல."

ஆர்மண்ட் கியரை மாற்றினார். "அதான் நான் ஹார்ன்ல இருந்து கையை எடுக்கவே இல்லையே. உனக்கு அடிச்சதுல பாதி நம்ம கார்."