யாரும் ஆசைப்படாத மெமரி

கடைக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் படுக்கவைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கச் சகியாத தாயைப் போல ஆல்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணப் படங்களை அடுக்கி, ஓரம் சீவி, நிறம் திருத்தி ஆல்பமாக்கித் தருவது அவள் தொழில்; அந்தப் பெயர் ஸ்டுடியோக்காரர்கள் வைத்தது. கணவர் போன பிறகு அவளை யார் கையையும் எதிர்பாராமல் நிறுத்தியது இந்தப் பெட்டிதான். அதுவோ சில மாதங்களாகப் படுத்தாத பாடு படுத்திற்று. பெரிய படமொன்றைத் திறந்தால் மணப்பெண்ணின் நெற்றிவரை வந்து நின்றுவிடும். மூக்கும் வாயும் வந்து சேர்வதற்குள் அவள் அடுப்பைக் கவனித்துவிட்டு வந்துவிடலாம். தாமதம் பொறுக்காத ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. மிஞ்சியிருந்த ஒருவரும் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆகவே, வேகம் கூடட்டுமென்று, இருக்கிற மெமரிக்கு ஜோடியாக இன்னும் இரண்டு வாங்கிப் போட்டுவிடலாம் என்று துணிந்து வந்திருந்தாள்.

வழக்கமாக அந்தப் பெட்டியைத் திறப்பவர் மாப்பிள்ளை ஒருவர்தான். மகளோடு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றிய சூட்டோடு ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுவார். தூசி தட்டுவார், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்திருப்பதாகச் சொல்லுவார். உடம்பில் இருக்கும் மின்சாரமே உள்ளே உள்ளவற்றைக் கருக்கிவிடும், அத்தை மட்டும் தொடவே கூடாது என்று ஒருமுறை அவர் சொன்னதிலிருந்து, துடைக்கும் துணியைக்கூட அவள் பெட்டியருகே கொண்டு போனதில்லை. இப்படி ஒரு மருமகன் யாருக்கு வாய்ப்பான் என்று அக்கம்பக்கத்தில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். இந்த முறை அவருக்குத் தொந்தரவு வேண்டாமே என்றுதான் தானே சுமந்து வந்தாள்.

"நீங்க கேட்ட மெமரி இதுல உக்காராதுக்கா," என்றார் கடைக்காரர். "நீங்க சொல்றது டிடிஆர் ஃபோர், புது ரகம். இது டிடிஆர் த்ரீ போடுற பழைய மதர்போர்டு. வெட்டு இருக்கிற இடமே வேற, பாருங்க."

பார்த்தாள். அவர் பிடித்திருந்த மெமரியின் வெட்டும் ஸ்லாட்டில் இருந்த மேடும் ஒரு நக அகலத்துக்கு விலகி நின்றன. அதற்குப் பக்கத்தில், மேல் தகடு ஏதுமின்றி, பச்சை நிறத்தில் ஒற்றை மெமரி ஒன்று செருகியிருந்தது.

"பாத்துப் பாத்து நானே வாங்கினது தம்பி. செவப்புத் தகடு போட்டது, ரெண்டு இருந்துச்சு."

"அப்ப யாரோ மாத்தியிருக்காங்க. மெமரி மட்டும் இல்ல, போர்டு, பிராசசர் எல்லாமே. யாருக்கா சர்வீஸ் பண்றது?"

ஒரு குருவியின் கூட்டிலிருந்து, ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லி, அணில் ஒன்று நாளுக்கொரு குச்சியாக உருவிக்கொண்டு அந்த இடத்தில் வைக்கோலைச் செருகிவிட்டுப் போயிற்றாம்; குருவி ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து நன்றி சொல்லி வழியனுப்பிற்றாம். ஆல்பம்மாவும் அப்படி வழியனுப்பியவள்தான். மகள் வீட்டில், பக்கத் தகட்டுக்குப் பதில் கண்ணாடி வைத்த மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்குள் சிவப்புத் தகடுகள் இரண்டு பளபளத்ததை அவள் பார்த்திருக்கிறாள். நம்முடையதைப் போலவே இருக்கிறதே என்று பூரித்துச் சொன்னாள். அதே மாடல்தான் அத்தை என்று அவர் சிரித்தார். மகள் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள், வெகுநேரம் திரும்பவில்லை.

"ஏதோ ஒரு கடையில குடுத்தேன். பேரு ஞாபகம் இல்ல," என்றாள்.

கடைக்காரர் இரண்டு வழிகளைச் சொன்னார். போர்டு, பிராசசர், மெமரி மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தப் புதிதாக மாற்றினால் பழையபடி பறக்கும். இல்லாவிட்டால் இந்தப் போர்டின் எண்ணைப் பார்த்து, இதே வேகத்தில் பழைய மெமரி ஒன்றைத் தேடிப் போடலாம்; நொண்டும், ஆனால் நிற்காது. பெரிய ஆல்பங்களை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான். முதல் வழிக்கு வேண்டிய பணம் அவள் பையில் இருந்தது. யோசித்துச் சொல்வதாக வெளியே வந்து, படியில் நின்று மகளை அழைத்தாள். விசாரணை போல இருக்கக் கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டு, கடையில் பெட்டியைத் திறந்து பார்த்ததாக மட்டும் சொன்னாள்.

மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததிலேயே, அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று புரிந்தது.

"புதுசு வாங்காதம்மா," என்றாள் கடைசியில். "வாங்கினாலும் எங்கிட்ட சொல்லாத."

"ஏன்டி?"

"அவர் கேட்டா நான் சொல்லியாகணும்."

அந்தச் 'சொல்லியாகணும்' என்பதற்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கும் என்று தாய் கேட்கவில்லை. மகளும் போனை வைக்கவில்லை. ஆல்பம்மாதான் வைத்தாள்.

உள்ளே வந்து, பழைய மெமரியே போதும் என்றாள். அக்கா, தொழில் பண்றவங்க நீங்க என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டது ஒன்றே: இதைக் கழற்றிக்கொண்டு போய் வேறு எதிலாவது போட்டுக்கொள்ள யாருக்காவது ஆசை வருமா? அவர் சிரித்துவிட்டு, இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் தொடமாட்டார்கள் என்றார். அப்படியானால் அதையே போடச் சொன்னாள். பெரிய ஆல்பங்கள் இனி இல்லை என்று கடைசி ஸ்டுடியோக்காரருக்கு அன்று மாலை அவளே சொல்லியனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவர் வழக்கம்போலப் பெட்டியைப் படுக்கவைத்து, கழற்றிய திருகாணிகளை, பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் உள்ளங்கையில் போட்டார். உள்ளே குனிந்தவர் புதிய செருகலைக் கண்டு நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"என்ன அத்தை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? குப்பையில போடுறத உங்க தலையில கட்டிட்டான். நல்லா ஏமாத்தியிருக்காங்க உங்கள."

சமையலறை வாசலில் மகள் கைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். கண்கள் தாயின் வாயை விட்டு அகலவில்லை.

"ஆமா மாப்பிள்ளை," என்றாள் ஆல்பம்மா. "ஏமாந்துதான் போயிட்டேன்."

அவர் உச்சுக்கொட்டினார். அடுத்த முறை தன்னைக் கேட்காமல் எதுவும் வாங்கக் கூடாது என்று அன்பாகக் கடிந்துகொண்டே தகட்டைப் பெட்டியோடு பொருத்திப் பிடித்தார்; திருகாணிகளுக்காக, திரும்பிப் பாராமல், மறுகையைப் பின்னால் நீட்டினார். கை அப்படியே காற்றில் நின்றது. ஆல்பம்மாவின் மூடிய கையில் திருகாணிகளின் மரைகள் சதையைக் கவ்வியிருந்தன. விரல்கள் இன்னும் பிரியவில்லை.