அழித்தெழுதிய கட்டம்

பத்தாம் வகுப்பு மாணவர்கள் மேற்படிப்புப் படிவத்தைப் பள்ளியில் ஒப்படைத்த நாளுக்கு மறுநாட் காலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகளுடைய இடது காது மறைந்துபோயிருந்தது. தலையணையில் அது பதிந்திருந்த இடத்தில் ஒரு கைப்பிடி ரப்பர்த் தூள் கிடந்தது. வலி இல்லை. கேட்கும் திறனிலும் யாதொரு குறையும் இல்லை. தாய் அத்தூளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டு, “முடிய கொஞ்சம் முன்னால இழுத்து விட்டுக்கோ பாப்பா, ஒன்னும் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். பாப்பா என்பது வீட்டில் அவளை அழைக்கும் பெயர். அவளும் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நான்கு பக்கம் கொண்ட அதன் மூன்றாம் பக்கத்தில், ‘நான் ஆக விரும்புவது’ என்னும் தலைப்பின்கீழ் இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதனை மாணவரே தம் கைப்பட மையினால் நிரப்புதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு படிவமே தரப்படும். பிழையானால் மாற்றுப் படிவம் கிடையாது. ஆதலால் பெரியவர்கள் முதலில் பென்சிலால் மெலிதாக எழுதிக் கொடுப்பதும், பிள்ளைகள் அதன்மேலேயே பேனாவை ஓட்டுவதும், பின்னர்ப் பென்சிற் கோட்டை அழித்துவிடுவதும் பல்லாண்டுகளாக அங்கே வழக்கமாகியிருந்தன. இதனைத் தவறென்று எவரும் கருதியதில்லை. வகுப்பாசிரியர்களே அவ்வாறு செய்யச் சொன்னார்கள். பள்ளி வாயிலில் இருந்த எழுதுபொருள் வியாபாரி, படிவம் தரப்படும் வாரத்தில் பென்சிலையும் ரப்பரையும் சேர்த்தே கட்டி விற்றார்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் படிவம் வந்தபோது அக்கட்டத்தில் ஏற்கெனவே மகளின் கையெழுத்தில் ஏதோ ஒன்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அவர் அப்போது தம் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். ஆகவே அதனைப் படிக்கவில்லை. அழித்துவிட்டுக் ‘கண் மருத்துவம்’ என்று எழுதினார். மறுநாள் மனைவியின் அண்ணன் வந்தார். அவர் தணிக்கை அலுவலகமொன்றில் இருப்பவர்.

“ஏன் மாப்பிள்ளை, கண் டாக்டரா? உங்க கடைக்கு ஆள் பிடிச்சு அனுப்பவா?”

“உங்க ஆபீஸ்ல உக்காந்து கூட்டிக் கழிக்கிறதுக்கு அது தேவலை மச்சான்.”

“நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படிச்சுட்டு ஏசி ரூம்ல ஜம்முன்னு இருக்கான்” என்றாள் மனைவி.

“அப்பா, நான் ஒன்னு எழுதியிருந்தேனே” என்றாள் மகள்.

“அது கெடக்கட்டும், இதப் பாரு.”

ஒன்பது நாட்களில் அக்கட்டம் பதினொரு முறை அழித்து எழுதப்பட்டது. தந்தை மூன்று முறையும் தாய் நான்கு முறையும் மாமன் நான்கு முறையும் எழுதினார்கள். ஒன்பதாம் நாள் மாமன் எழுதிய ‘கணக்கியல்’ என்னும் சொல்லின்மேல் மகள் பேனாவை வைத்தபோது, தேய்ந்து மெலிந்திருந்த தாள் பொத்துக்கொண்டது. தாய் பின்புறத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பசையிட்டு ஒட்டினாள். அந்த ஒட்டின்மேல் மகள் அச்சொல்லை எழுதி முடித்தாள். பள்ளியிலும் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டார்கள்.

காதுக்குப் பிறகு புருவங்கள் சென்றன. கடைக்காரருக்கு இருபத்தைந்தாண்டுத் தொழிலில் ஊறிய பழக்கம் ஒன்று இருந்தது: ஒரு பொருள் தெரியவில்லை என்று எவர் சொன்னாலும், குறை பொருளிலன்று, பார்ப்பவரின் கண்ணிலேயே இருப்பதாக அவர் கொள்வார். ஆகையால் முதலில் தம் கண்ணையும் பின்பு மனைவியின் கண்ணையும் சோதித்து, இருவருக்கும் புதிய கண்ணாடி செய்தார். அதை அணிந்து நோக்கியபோது காதும் புருவங்களும் சற்றே சாம்பல் நிறத்தில் தெரிந்தன. அன்று வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே உண்டார்கள். ஒரு மாதம் அது போதுமானதாயிருந்தது. அரையாண்டுத் தேர்வில் முழங்கைகள் போயின. கண்ணாடியின் எண் கூடிற்று. பதினொன்றாம் வகுப்பின் முடிவில் தோள்களும் கழுத்தும் போயின; எண் மேலும் கூடிற்று. தாய் காலையில் படுக்கையையும், மாலையில் படிப்பு மேசையையும் கூட்டினாள். வகுப்பில் அவளைக் காண இயலாமல் இடர்ப்பட்ட ஆறு ஆசிரியர்களுக்கும் கடைக்காரரே கண்ணாடி செய்து கொடுத்தார். அவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. மிகவும் அடக்கமான பெண் என்றே முன்னேற்ற அறிக்கையில் எழுதினார்கள்.

“படிப்புல மூழ்கிட்டா பிள்ளைங்க கொஞ்சம் மங்கத்தான் செய்யும் மாப்பிள்ளை. கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கியிருக்கா. அதப் பாருங்க.”

“மார்க் நல்லாத் தெரியுது மச்சான். பொண்ணுதான் தெரியல.”

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் கடைக்காரர் இருபதாம் எண்ணுக்கு வந்து சேர்ந்தார். அதற்குமேல் தங்களிடம் வில்லை இல்லை என்று தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. இருபதாம் எண்ணிலும் மகள், சன்னற் கண்ணாடியில் ஊதிய மூச்சைப் போலவே தெரிந்தாள். அப்போதுதான் அவருக்கு அந்த முதல் எழுத்து நினைவுக்கு வந்தது. அதனைக் கண்டறிந்து மையினால் எழுதிவிட்டால் எஞ்சியிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று எண்ணிப் பள்ளி அலுவலகத்துக்கு ஓடினார். எழுத்தர் அரைநாள் தேடிப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் வில்லைகளின் கீறலைப் பார்க்கும் உருப்பெருக்கியைத் தாளின்மேல் வைத்துக் குனிந்தார். அழித்த எழுத்துகளின் தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. தம்முடைய மூன்று, மனைவியின் நான்கு, மைத்துனரின் நான்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டார். அவற்றுக்கெல்லாம் அடியில், மகளின் எழுத்து தொடங்கவேண்டிய இடத்தில், தாள் பொத்துப்போன ஓட்டையும் அதன் பின்னே மனைவி ஒட்டிய துண்டுமே இருந்தன.

வீட்டுக்கு வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இனி அதனால் ஆவது ஒன்றுமில்லை.

“பாப்பா, இருக்கியா?”

“இங்கதான்பா இருக்கேன்.” குரல் சன்னலோரத்து நாற்காலியிலிருந்து வந்தது.

“அன்னைக்கு அந்தக் கட்டத்துல முதல்ல என்னம்மா எழுதியிருந்த?”

“இன்னும் தெரியலைன்னு எழுதியிருந்தேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “இப்ப எழுதிடலாம்மா. மையிலயே எழுதறேன். நாளைக்குக் கொண்டு போய்க் குடுத்துடறேன்.”

“இப்ப எழுத என்னப்பா இருக்கு? அப்ப தெரியலைன்னாவது எனக்குத் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல.”

நாற்காலி கிரீச்சிட்டது. கணக்கியல் நுழைவுத் தேர்வுக்கான புத்தகம் திறந்துகொண்டது. பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. அவ்வாண்டு மழைக்காலத்தில் தூள் விழுவது நின்றது. அழிவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை போலும். தாய் துடைப்பத்தை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தாள்.

கல்லூரியில் மூன்றாண்டுகள் கழிந்தன. காலையில் கதவு திறந்து மூடும். தாய் அதனை நோக்கிப் பத்திரம் என்பாள். பட்டச் சான்றிதழில் புகைப்படம் ஒட்டவேண்டிய இடம் வெண்மையாக இருந்தது. அதன்மேலும் முத்திரை முறையாகக் குத்தப்பட்டிருந்தது. கணக்கியல் படித்தால் வேலைக்குத் தாம் பொறுப்பென்று முன்பே சொல்லியிருந்த மாமன், சொன்ன சொல் தவறாதவராகையால், தம் அலுவலகத்திலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே ஓய்வு பெற்றார்.

ஒருநாள் மகளின் சாப்பாட்டு டப்பா சமையலறை மேடையிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் அதனை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றார். நீண்ட கூடத்தில் நாற்பது நாற்காலிகள் இருந்தன. பதின்மூன்றில் மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். ஏனைய இருபத்தேழிலும் எவரையும் காணவில்லை. ஆயினும் அவற்றின் முன்னே விசைப்பலகைகள் தடதடத்தன, தாள்கள் புரண்டன, பேனாக்கள் எழுந்து எழுந்து குனிந்தன.

“யாரைப் பாக்கணும் சார்?” என்று மேலாளர் எழுந்து வந்தார்.

“எம் பொண்ண. எந்த சீட்டுன்னு தெரியல.”

“எங்க ஆபீஸ்ல முக்காவாசிப் பேர் இப்படித்தான் சார். தங்கமான பிள்ளைங்க, லீவே போடமாட்டாங்க. சும்மா கூப்பிடுங்க, திரும்புவாங்க.”

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் அழைப்பதுபோலவே, “பாப்பா” என்றார்.

தட்டச்சு ஓசை நின்றது. பதினேழு நாற்காலிகள் ஒருசேர அவர் பக்கம் திரும்பின.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரர் தமக்கு மிக அருகில் இருந்த மேசையில் டப்பாவை வைத்து, “ஆறிடப் போகுது, சாப்பிட்டுரும்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாலையில் கதவு திறந்து மூடியபோது டப்பா கழுவித் துடைக்கப்பட்டு வீடு வந்து சேர்ந்தது. அதனை உண்டவர் யார் என்று அவ்வீட்டில் எவரும் கேட்கவில்லை.